எருமை அகல நிலத்துக்கு ஒரு ஹவல்தார்

ஜமன் சிங் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தது என் ஜீப்பில்தான். அல்மோராவில் ஏறும்போதே முன் சீட்டில் இருந்தவர்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, மடியில் ஒரு பெரிய பிரஷர் குக்கரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழி முழுக்க அதன் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அதற்குள் ஏதோ வெடிக்கிற சாமான் இருக்கிறது என்று பின் சீட்டுப் பெண்கள் வளைவுக்கு வளைவு கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள்.

உள்ளே இருந்தது அரைக் கிலோ மிட்டாய். அவர் பட்டாளத்தில் சமையல்காரர். இருபது வருஷத்துக்கு மேல் பனிமலை முகாம்களில் பருப்பு வேகவைத்தவர். சண்டைக் கதை சொல்லுங்கள் என்றால் பருப்புக் கதைதான் வரும். "அந்த உசரத்துல தண்ணி கொதிக்கும், பருப்பு வேகாது. எதிர்ல எதிரி, அடுப்புல இது. ரெண்டுல எதைப் பாக்குறது சொல்லு!" என்பார். கல்யாணம் ஆகவில்லை. மூன்று தடவை பெண் பார்த்து வைத்தார்கள், மூன்று தடவையும் லீவு ரத்தானது. நாலாவது தடவை லீவு கிடைத்தது, பெண் கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்த வேகத்தில் அவர் செய்த முதல் காரியம், எங்கள் தூனாகோட் கிராமத்தின் கல்யாணப் பாத்திரங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அண்டா, தவலை, குடம் எல்லாம் கனத்த செம்பு. அதுவரை அவை யார் வீட்டு மாட்டுக் கொட்டகையிலோ பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தன. ஜமன் சிங் அவற்றைத் தன் வீட்டு முன்னறையில் உயரவாரியாக நிறுத்திவைத்தார். காலையில் அவற்றின் முன்னால் நின்று மீசையைச் சரிபார்த்துக்கொள்ளும் அளவுக்குத் துலக்கினார். கண்ணாடிச் செலவு மிச்சம்.

துலக்குவதற்கு எங்கள் பக்கம் சல்மோடாதான். சுக்காங்கீரையின் மலைச் சொந்தம் அது. கல் இடுக்கிலும் வயல் சுவரிலும் தானே முளைக்கும், புளிப்பு பல்லைக் கூசவைக்கும். ஒரு பிடி கசக்கித் தேய்த்தால் களிம்பு போய்ச் செம்பு சிவந்து நிற்கும். அதே இலையை உப்பும் மிளகாயும் வைத்து அரைத்தால் சட்னி.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஜமன் சிங்கின் மேல் வயலுக்கும் ஹரூலி தேவியின் கீழ் வயலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். எருமை ஒன்று குறுக்கே படுத்தால் அடைந்துபோகும் அகலம். கல்லும் முள்ளும் தவிர ஒன்றுமில்லை, ஆனால் சல்மோடா மட்டும் விதைத்தாற்போல முளைத்துக் கிடக்கும். ஹரூலி, ஜமன் சிங்கின் பெரியப்பா மகனுடைய விதவை. அவருக்குப் போஜி, அதாவது அண்ணி. இரண்டு ஆடும் ஒரு நாக்கும் வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவள். ஆடுகள் சாது.

ஒரு பங்குனி மாதக் காலை, நான் வளைவில் ஜீப்பை நிறுத்தி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தேன். கீழே அந்தத் துண்டில் ஜமன் சிங் குனிந்து கைகொள்ளாமல் சல்மோடா பிடுங்கிக்கொண்டிருந்தார். ஹரூலி அரிவாளோடு வந்து நின்றாள்.

"யாரது, என் சல்மோடாவ மொட்டை அடிக்கிறது?"

"உங்களுதா? போஜி, இது என் வயலோட சரிவு."

"ஓஹோ. உங்க சரிவு எதுவரைக்கும் கொழுந்தனாரே? என் அடுப்படி வரைக்குமா?"

"பாத்திரம் துலக்கணும். ஊர்க் காரியம்."

"ஊர்க் காரியத்துக்கு ஊர்ல போய்ப் புடுங்குங்க. நான் சட்னிக்கு எதை அரைக்கிறது, உங்க மீசையையா?"

ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலே நிமிர்ந்து பார்த்த ஜமன் சிங், சிரித்த ஒவ்வொருவரையும் பெயர்ப் பட்டியல் எடுப்பது போலப் பார்த்துவிட்டு, கையிலிருந்த இலையைக் கீழே வைக்காமல் வீட்டுக்கு நடந்தார். மறுநாள் மேல் வயல் விளிம்பில் ஒரு மடக்கு நாற்காலி முளைத்தது.

"கண்காணிப்பு" என்றார் என்னிடம். "யார் எடுக்கிறா, எப்ப எடுக்கிறா, எல்லாம் தெரியணும்."

ஹரூலி சும்மா இருப்பாளா? கீழ் வயல் ஓரத்தில் பாயை விரித்து, கேழ்வரகைக் கொட்டி, முறத்தோடு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கேழ்வரகைப் போல் புடைக்கப்பட்ட கேழ்வரகு இந்த மலையில் வேறு இருக்க முடியாது. அவர் எழுந்தால் இவள் எழுவாள். இவள் இருமினால் அவர் செருமுவார்.

இரண்டு பேர் நாள் முழுக்க ஒரு துண்டு நிலத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் அங்கே என்ன நடக்கிறதோ அதைப் பார்த்துத்தானே ஆக வேண்டும். அங்கே நடந்ததெல்லாம் ஒரு பூச்சிதான்.

துண்டின் நடுவில் தட்டையான கல் ஒன்று உண்டு. வெயில் ஏறியதும் அதன் மேல் கட்டைவிரல் நகத்தளவு வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து உட்காரும். துலக்கிய செம்பின் நிறம் முன் சிறகில், அதில் கறுப்புப் புள்ளிகள். பின் சிறகு கருகிய தோசை நிறம், ஓரத்தில் மட்டும் செம்புக் கரை. சிறகை மூடினால் காய்ந்த சருகு. பார்க்க அவ்வளவுதான். ஆனால் அதன் குணம்! தேனீ வந்தால் துரத்தும். வெட்டுக்கிளி தாவினால் துரத்தும். தன்னைப்போல் நாலு மடங்கு பெரிய வண்ணத்துப்பூச்சியை மேல் வயல் தாண்டும்வரை விரட்டிவிட்டுத் திரும்பி வந்து அதே கல்லில், அதே இடத்தில் உட்காரும். ஒரு தடவை ஜமன் சிங் சின்னக் கல் ஒன்றை எறிந்து பார்த்தார். அந்தக் கல்லையும் துரத்திக்கொண்டு போனது.

"டிரைவர், பாத்தியா?" என்றார் என்னிடம். பட்டாளப் பழக்கம், என் பெயர் அவருக்குக் கடைசிவரை டிரைவர்தான். "இவன்தான் ஹவல்தார். போஸ்ட்டை விட்டு நகர மாட்டான்."

கீழிருந்து குரல் வந்தது. "ஹவல்தாராம்! அது தாமிரி. பொம்பளை. வேலை செய்றது தெரியல?"

"என்ன வேலை செய்யுது?"

"ஆம்பளைங்களத் தொரத்துது."

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் சல்மோடா இலைகளில் ஒரு நோய் கண்டது. இலையின் மேல்தோல் அப்படியே இருக்கும், அடிப்பக்கம் சுரண்டப்பட்டு, எண்ணெய்க் காகிதம் ஒட்டிய சின்னச் சின்ன ஜன்னலாகத் தெரியும். ஜமன் சிங் ஒரு கிளையை உயர்த்திப் பிடித்து, போஜி ஊசியால் தன் இலைகளை நாசம் செய்கிறாள் என்று அறிவித்தார். ஹரூலி இன்னொரு கிளையை உயர்த்திப் பிடித்து, பட்டாளத்து மருந்து எதையோ கொழுந்தன் தெளித்துவிட்டார் என்றாள். இரண்டு பேரும் ஆதாரம் தேடிக் குனிந்தார்கள். இலைக்கு அடியில் ஆளுக்கொரு புழு கிடைத்தது. பச்சை நிறம், நத்தையை ஓட்டிலிருந்து உருவிச் சின்னதாக்கினால் எப்படியோ அப்படி. காலும் தெரியாது, தலையும் தெரியாது. தின்கிறது என்பது மட்டும் தெரியும்.

"உங்க மூட்டை முடிச்சுல வந்த புழு."

"எங்க கேம்ப்புல புழுவே கெடையாது. குளிருக்குச் செத்துரும்."

பேச்சு முற்றி, நில அளவைக்குப் பட்வாரியை வரவழைப்பது என்று முடிவானது. அவர் வரும்வரை ஆதாரத்தைப் பத்திரப்படுத்த வேண்டுமே! ஹரூலி தன் புழுவை ஒரு தட்டில் சல்மோடாக் கொத்தோடு வைத்துச் சல்லடையால் கவிழ்த்து மூடினாள். தினம் புது இலை போட்டாள். ஜமன் சிங் தன் புழுவை ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டார். இருபது வருஷம் ஆளுக்குச் சோறு போட்ட கை, வெறும் இலையைப் போட மனம் வரவில்லை. பருப்பு வைத்தார். சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டார். நெய்கூடத் தடவிப் பார்த்தார். புழு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முகம் எந்தப் பக்கம் என்று தெரிந்ததா என்று கேட்டேன்.

"அது தெரியும் டிரைவர். மனசு வெறுத்து ஒருத்தன் திரும்பினா தெரியும். என் பருப்பை வேணாம்னு சொன்ன மொத ஆளு இவன்தான்."

மறுநாள் விடியும்போது யாருக்கும் தெரியாமல் அதைக் கொண்டுபோய் இலையில் விட்டுவிட்டார். யாருக்கும் தெரியாமல் என்பது அவர் நினைப்பு. ஹரூலி வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாளாம்.

அவளுடைய புழு நன்றாகத் தின்று கொழுத்து, ஒரு நாள் தின்பதை நிறுத்திச் சுருங்கி, எலிப்புழுக்கை மாதிரிப் பழுப்பாகித் தண்டோடு ஒட்டிக் கிடந்தது. செத்துவிட்டது என்று அவள் தீர்மானித்தாள். தூக்கிப் போடவில்லை. "செத்தாலும் சாட்சி சாட்சிதான். இப்பக் கேஸ் இன்னும் பெருசு" என்றாள்.

பட்வாரி உப்ரேத்தி வைகாசியில் வந்தார், என் ஜீப்பில்தான். வழி முழுக்க முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். துண்டு நிலத்தைப் பார்த்ததும் வலி அதிகமானது. "இதுக்கா? இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று மேலும் கீழும் பார்த்தார். ஊர் மொத்தமும் வயல் சுவர்களில் உட்கார்ந்திருந்தது. கம்பவுண்டர் கூட வந்திருந்தார், அடிதடி ஆகும் என்ற நம்பிக்கையில்.

மஞ்சள் டேப்பை இழுத்துப் பிடித்தார்கள். அது காற்றில் படபடத்ததுதான் தாமதம், ஹவல்தார் கல்லிலிருந்து கிளம்பிவிட்டான். டேப்பைச் சுற்றிச் சுற்றி முட்டினான். அடுத்து பட்வாரியின் மூக்குக்கு நேரே வந்து நின்று சுழன்றான். அவர் தலையை இந்தப் பக்கம் திருப்பினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம்.

"யாருதுய்யா இது? கூப்பிடுங்க!"

"அது யாரு பேச்சும் கேக்காது சாப்" என்றார் ஜமன் சிங், பெருமை தாங்காமல். "ட்யூட்டில இருக்கான்."

இதுதான் சமயம் என்று ஹரூலி சல்லடைத் தட்டோடு முன்னால் வந்தாள். "சாப், இது என்னன்னு பாருங்க. என் கொழுந்தனார் என் நெலத்துல விட்ட புழு. செத்த பிறகும் வச்சிருக்கேன்" என்று சல்லடையைத் தூக்கினாள்.

தட்டில் எலிப்புழுக்கை வெடித்து வெறும் கூடாகக் கிடந்தது. பக்கத்தில் ஈரமாக, கசங்கிய துணி போல ஒரு ஜந்து தடுமாறி ஏறிக்கொண்டிருந்தது. பட்வாரி என்னவென்று பார்க்க விரலை நீட்டினார். அது அவர் விரலில் ஏறியது. விரலிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து சட்டைக் கை. அங்கே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டது.

பட்வாரி உதறப் போனார். "ஆடாதீங்க சாப்!" என்று ஹரூலி போட்ட சத்தத்தில் அவர் மட்டுமல்ல, என் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த ஆளும் ஒரு காலை அந்தரத்தில் நிறுத்திவிட்டான்.

கசங்கிய சிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கம் விரிந்தது. புடவையை இஸ்திரி போடுவது போல, ஆனால் போடுகிற கை எது என்று தெரியாது. அவ்வளவு நேரமும் பட்வாரி கையைச் சைக்கிள்காரன் திரும்பப்போவது போல நீட்டியே வைத்திருந்தார். யாரோ டீ கொண்டு வந்தார்கள். அவர் வலது கை ஆதாரத்திடம் இருந்ததால் ஜமன் சிங் கிளாஸைப் பிடித்து அவருக்குப் புகட்டினார். ஊரே மூச்சை அடக்கிப் பார்த்தது. ஹரூலி மட்டும், தன் தட்டில் இத்தனை நாள் கிடந்தது இதுதானா என்பதுபோல வாயைத் திறந்துகொண்டு நின்றாள். திறந்த வாயிலிருந்து வார்த்தை வராததை அன்றுதான் நாங்கள் பார்த்தோம்.

கடைசியில் சிறகு விரிந்தது. செம்பு! அப்போதுதான் துலக்கிய செம்பு. ஹவல்தாருடையதைவிடக் கொஞ்சம் அகலம், கொஞ்சம் உருண்டை. கல்லில் இருந்த ஹவல்தார் பாய்ந்து வந்தான். எல்லோரும் அடிதடிதான் என்று நினைத்தோம். கம்பவுண்டர் எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் அவன் முட்டவில்லை. பட்வாரியின் கையைச் சுற்றிச் சிறகைப் படபடத்துக்கொண்டு மெதுவாகச் சுழன்றான்.

ஹரூலிக்கு வாய் திரும்பி வந்தது. "சாப், கையை இன்னும் கொஞ்சம் அப்படியே வைங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரர் சம்பந்தம் பேச வந்திருக்காரு."

"அப்ப ஹவல்தார் ஆம்பளைதானே போஜி?" என்றார் ஜமன் சிங்.

"ஆமா, இப்பத் தெரியுது. வேலை வெட்டி இல்லாம கல்லுல உக்காந்திருக்கிறப்பவே எனக்குச் சந்தேகம்."

இரண்டு பூச்சிகளும் புல்லுக்குள் போயின. பட்வாரி கையை உதறி, ரத்த ஓட்டம் திரும்பிய பிறகு அளந்தார். மேல் வயலை அளந்தார், முழுசாக இருந்தது. கீழ் வயலை அளந்தார், அதுவும் முழுசாக இருந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரு சாண் கொறையல. நடுவுல இருக்கிறது பழைய கோவேறு கழுதைப் பாதை. ஊர்ப் பொது" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு டீ கூடக் குடிக்காமல் என் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பேரும் தோற்றது ஊருக்குக் கொண்டாட்டமாக இருந்தது. எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டவர் பிரதான் குந்தன் சிங், எங்கள் பஞ்சாயத்துத் தலைவர். அவருக்கு வெகுநாளாக ஓர் ஆசை. பஸ், ஜீப்புக்குக் காத்திருப்பவர்கள் உட்காரக் கான்கிரீட் நிழற்குடை கட்டி, அதன் நெற்றியில் தன் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும். கட்ட இடம்தான் இல்லாமல் இருந்தது. இப்போது வளைவை ஒட்டியே பொது இடம் ஒன்று கிடைத்துவிட்டது. அடுத்த வாரமே மணலும் ஜல்லியும் வந்து வளைவில் இறங்கின. பிரதான் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட வந்தார்.

வந்தவர் பார்த்தது, தட்டைக் கல்லுக்கு ஒரு பக்கம் மடக்கு நாற்காலி, மறுபக்கம் பாய். முதல் முறையாக இரண்டும் ஒரே மட்டத்தில்.

"ஜமன் தா, எழுந்திரிங்க. இது பொது எடம்." தா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

"அதான் உக்காந்திருக்கோம். பொதுஜனம்" என்றாள் ஹரூலி.

"போஜி, ஒரு பூச்சிக்காகவா?"

"பூச்சிக்கு எவன் உக்காந்தான்? எனக்குச் சட்னி. இவருக்குப் பாத்திரம்" என்று சொன்னவள், ஹவல்தார் பிரதானின் தொப்பியைச் சுற்றுவதைப் பார்த்துச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

பிரதான் சிரித்துவிட்டுப் போனார். ஆள் கூட்டி வந்து நாற்காலியோடு தூக்கிப்போடுவது பெரிய காரியமில்லை என்பது அவர் கணக்கு. ஜமன் சிங் எதிர்த் திட்டம் எதுவும் போடவில்லை, எனக்குத் தெரியும். பட்டாளத்தில் திட்டம் போடுகிற ஆட்கள் வேறே, இவர் பருப்பு. திட்டம் ஹரூலியுடையது. அன்று சாயங்காலம் அவள் பிரதான் வீட்டுக்குப் போய், அவர் மனைவி பாகீரதியோடு மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு, கிளம்பும்போது, "பொண்ணு கல்யாணத்துக்குத் துணிமணி எடுத்தாச்சா? பாத்திரம் வேணும்னா கொழுந்தனார்கிட்டச் சொல்லி வைக்கிறேன். ஆனா களிம்போடதான் வரும். சல்மோடா மேல சிமெண்ட் போடப் போறாங்களாமே, எதை வச்சுத் துலக்குறது?" என்றாள்.

மாப்பிள்ளை வீடு அல்மோரா டவுன். அங்கிருந்து வருகிற சம்பந்திகள் பச்சைக் களிம்பு அண்டாவில் வெந்த சோற்றைப் பார்ப்பதைப் பாகீரதி மனதில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. பிரதான் வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை, ஆனால் கேட்டவர்கள் உண்டு. மறுநாள் மணலும் ஜல்லியும் அங்கிருந்து நகர்ந்து, நான் ராத்திரியில் ஜீப்பை நிறுத்திவைக்கிற இடத்துக்கு வந்தன. நிழற்குடை இப்போது அங்கேதான் நிற்கிறது. வெயிலுக்கு நல்லது. மழைக்கு, வெளியே நிற்பதே மேல்.

பிரதான் மகள் கல்யாணத்தில் அண்டாக்கள் கண்ணைப் பறித்தன. சம்பந்திகள் ஜமன் சிங்கைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அவர் பதிலுக்கு அவர்களிடம் புழுவைப் பற்றி வெகுநேரம் பேசினார். முட்டை கடுகைவிடச் சின்னது, வெள்ளை, உற்றுப் பார்த்தால் குழிகுழியாக இருக்கும், இலைக்கு ஒன்றாகத்தான் இடும் என்றெல்லாம். பந்தியில் பக்கத்தில் இருந்தவர் இலையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறிவிட்டார்.

சண்டை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். இப்போது எந்தப் பக்கத்திலிருந்து பிடுங்குவது என்று சண்டை. அவர் பிடுங்கும்முன் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்து, புழு இருந்தால் விட்டுவிடுவார். அதனால் ஒரு குடம் துலக்க அரை நாள் ஆனது. அவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "சட்னில ஒண்ணு ரெண்டு போனா ருசி கூடும்" என்பாள். சொல்வதுதான். அவளும் கிளையைத் தட்டி உதறிவிட்டுத்தான் எடுப்பாள், நானே பார்த்திருக்கிறேன்.

மழைக்காலம் முழுக்க ஹவல்தார் மாறி ஹவல்தார் வந்துகொண்டிருந்தான். ஒருவன் இரண்டு மூன்று வாரம்தான், சிறகு கிழிந்து நிறம் மங்கிக் காணாமல் போவான். அடுத்த வெயிலுக்கு அதே கல்லில் புது உடுப்போடு இன்னொருவன். ஜமன் சிங் அதை ஒத்துக்கொள்ள மறுத்தார். லீவில் போய் வந்திருக்கிறான் என்பார்.

கார்த்திகையில் முதல் உறைபனி விழுந்தது. கல் காலியானது. அவர் நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பருப்பு தீய்ந்த வாடை இரண்டு நாள் வளைவு வரைக்கும் வந்தது. ஹரூலிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன கொழுந்தனாரே, எழவு வீடு மாதிரி?"

"போஸ்ட் காலி போஜி."

"மேலயே பாத்துட்டு உக்காந்திருந்தா? குனிஞ்சு பாருங்க. பனிக்கு எவன் கல்லு மேல உக்காருவான்? ஆடே உள்ள போகுது."

அவர் துண்டு நிலத்தில் குப்புறப் படுத்தார். உறைபனியில், பின்பக்கம் வானத்தைப் பார்க்க, இலை இலையாகத் திருப்பினார். அந்த நேரம் பார்த்து நான் ஜீப் நிறைய ஆளோடு வளைவில் திரும்பினேன். யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்று கத்திக்கொண்டு எல்லோரும் இறங்கி ஓடினார்கள். அவர் தலையைத் தூக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, "யாரும் மிதிக்காதீங்க! இருக்கான்! இங்க இருக்கான்!" என்றார். சல்மோடாவின் அடி இலையில், வேரோடு ஒட்டி, அரிசி நொய் அளவில் ஒரு புழு. தின்னவுமில்லை, நகரவுமில்லை. பனி போகட்டும் என்று படுத்திருந்தது.

மார்கழியில் ஹரூலி மகள் வீட்டுக்கு ஹல்துவானிக்குப் போனாள், பிரசவம் பார்க்க. கிளம்பும்போது ஆடுகளை ஜமன் சிங்கிடம் ஒப்படைத்தாள். ஆட்டைத் துண்டு நிலத்தில் விடக் கூடாது என்று அவரும், விட்டால் என்ன ஆகும் என்று தனக்கும் தெரியும் என்று அவளும் ஜீப்பை நிறுத்திவைத்துக்கொண்டு பேசினார்கள். பயணிகள் ஹாரனை அடித்தார்கள்.

எங்கள் ஊரில் போன் சிக்னல் அந்த நிழற்குடையில் மட்டும்தான் கிடைக்கும். பனிக்காலத்தில் தினம் காலை அவர் அங்கே வந்து நின்று, ஹல்துவானிக்குக் காற்று வழியாகவே கேட்கும் குரலில் கத்துவார்.

"போஜி! ரெண்டு ஆடும் ஓகே! மேல் பக்கம் ஒருத்தன், கல்லுக்கு அடியில ஒருத்தன்! எல்லாரும் படுத்திருக்காங்க!"

ஒரு நாள் நான் பக்கத்திலேயே நின்று டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான அறிக்கை முடிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஹரூலியின் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"புழு கெடக்கட்டும் கொழுந்தனாரே. நீங்க சாப்பிட்டீங்களா?"

ஜமன் சிங் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"ஹலோ? ஹலோ? போஜி, சிக்னல் போயிருச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். போனில் கோடு அத்தனையும் முழுசாக இருந்தது, நான் பார்த்தேன்.

பிறகு நிழற்குடையைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, "டிரைவர், ஹல்துவானிக்கு ஜீப் எப்பப் போகும்?" என்றார்.

"நான் அல்மோரா வரைக்கும்தான் ஜமன் தா. அங்க வேற வண்டி மாறணும்."

"அது தெரியும். கறுப்பு பட் பயறு வறுத்து அரைச்ச பருப்பு, ஒரு குக்கர் நெறைய. சிந்தாமக் கொண்டுபோக முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."